ஒரு வினைச்சொல்லும் இரண்டு திருச்சபைகளும்

கிறிஸ்தவ ஸமயத்திற்கு நூல் ஒன்று. அந்நூல் கூறும் நாதனும் ஒருவனே. அவ்வாறிருந்தும் கத்தோலிக்கர், லூதரர், சீர்திருத்தச் சபையார், ஆங்கிலிக்கர், பாப்டிஸ்டுகள் என்று அது பற்பல சபைகளாகப் பிரிந்து நிற்பது ஏன் என்று நம்மவர் கேட்பதுண்டு. கேட்கும்போதே ஒரு விடையையும் மனத்திற்கொண்டு கேட்கிறார்கள். மூலநூலில் பற்றின்மையால் பிரிந்தார்கள், அன்றேல் பதவி ஆசையால் பிரிந்தார்கள் என்பதே அது. பதவி ஆசைக்கு எந்த ஸமயத்திலும் இடமுண்டு, அதை மறுப்பாரில்லை. ஆயினும் வ்யாக்யானப் பரம்பரையில் வந்தவர்கள் இவ்விடையோடு அமைதல் தகாது. மூலத்தின் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்களே பலவிடங்களில் பிரிந்தவர்கள். 1529ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜெர்மனி நாட்டு மார்பர்க் கோட்டையில் நடந்த வாதம் இதற்குத் தெளிவான சான்று.

எல்லா ஸமயப் பிரிவுகளும் ஒரே வகையின அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இஸ்லாத்தில் ஸுன்னி, ஷியா என்னும் பிரிவு, 632இல் நபிகள் மறைந்தபின் தலைமை யாருக்கு உரியது என்ற வினாவில் தோன்றியது. ஜைனரில் திகம்பரரும் ச்வேதாம்பரரும் துறவியின் ஆடையிலும், பெண்பிறப்பிலேயே மோக்ஷம் உண்டா என்பதிலும் வேறுபட்டனர். வைசாலியில் பௌத்த பிக்ஷுக்களிடையே எழுந்த சர்ச்சையோ கொம்பில் உப்பைச் சேமித்தல், பொன்னும் வெள்ளியும் ஏற்றல் முதலிய பத்து ஒழுக்கங்களைப் பற்றியது. இவை நிற்க. சொற்பொருள் காரணமாக நேர்ந்த பிரிவே இங்கு ஆராயப்படுகிறது.

மார்பர்க்கில் கூடியவர்கள் பகைவர் அல்லர். ரோமாபுரிப் போப்பின் அதிகாரத்தை மறுத்து, வேதாகமம் ஒன்றே ப்ரமாணம் என்று நின்றவர்கள். ஒருபக்கம் விட்டன்பர்க் நகரத்து லூதரும் மெலாங்க்தனும். மறுபக்கம் ஸூரிக் நகரத்து ஸ்விங்லியும் பாஸல் நகரத்து இகோலம்பாடியஸும். அழைத்தவர் ஹெஸ்ஸே நாட்டுச் சிற்றரசர் பிலிப். பதினைந்து பொருள்களில் அறிக்கை எழுதப்பட்டது. பரமபிதாவின் மூவொருமை, கிறிஸ்துவின் அவதாரம், ஆதிபாவம், விசுவாசத்தால் நீதிமானாதல், ஞானஸ்நானம் முதலாகப் பதினான்கில் இரு திறத்தாரும் முழுதும் இசைந்தனர். பதினைந்தாவது பொருள் திருவிருந்து. அதிலும் பெரும்பகுதியில் இசைந்து, ஒன்றில் மட்டும் இசைவு கூடவில்லை.

கிறிஸ்து தம் கடைசி இரவில் அப்பத்தைக் கையிலெடுத்து, அது தம் சரீரம் என்று சொல்லிச் சீடர்க்குக் கொடுத்தார். லத்தீன் மொழியில் அவ்வாக்யம் நான்கே சொற்களால் ஆனது. அதில் 'எஸ்ட்' என்பது 'ஆகிறது' எனப் பொருள்படும் வினை. லூதர் அவ்வாக்யத்தை மேசைமேல் சுண்ணத்தால் எழுதி வைத்துக்கொண்டு, வாதம் முடியுமளவும் அதினின்று அசைய மறுத்தார். 'ஆகிறது' என்றால் ஆகிறது என்பதே அவர் பக்ஷம். ஸ்விங்லியோ அச்சொல்லுக்குக் 'குறிக்கிறது' என்று பொருள் கொண்டார். பார்வோன் கண்ட கனவில் ஏழு பசுக்கள் ஏழாண்டுகள் என்று சொல்லப்பட்டதும், கிறிஸ்து தம்மைத் திராட்சைக்கொடி என்றதும் அவர் காட்டிய உதாஹரணங்கள்.

இது நமக்குப் பழகிய வழக்கு. கங்கையில் இடைச்சேரி என்றால் கங்கைக் கரையில் என்று கொள்ளுகிற லக்ஷணை எங்கே வரும் என்பதற்கு நம் சாஸ்த்ரங்கள் விதி வகுத்துள்ளன. முக்யார்த்தம் பொருந்தாதபோதே லக்ஷணை. அப்பம் அப்பமாகவே கண்ணுக்குத் தோன்றுவதாலும், கிறிஸ்துவின் சரீரம் பரலோகத்தில் பிதாவின் வலப்பக்கத்தில் இருப்பதாக நூல் சொல்வதாலும் முக்யார்த்தம் பொருந்தாது என்றார் ஸ்விங்லி. தேவனுடைய வலப்பக்கம் என்பது ஓரிடம் அன்று; அவருக்கு இயலாதது எது என்று மறுத்தார் லூதர். காய்ச்சின இரும்பின் ஒவ்வோர் அணுவிலும் இரும்பும் உண்டு, நெருப்பும் உண்டு. அதுபோல அப்பமும் சரீரமும் ஒருங்கே உள்ளன என்பது 1520இலேயே அவர் எழுதியது.

தத்த்வமஸி வாக்யத்தை அறிந்தவர்க்கு இங்கே வியப்பு ஒன்றும் இராது. அங்கும் 'அஸி' என்னும் வினை நிற்கிறது. இரு பதங்களிலும் லக்ஷணை கொண்டு, முரண்பட்ட தர்மங்களைத் தள்ளி ஐக்யம் சொன்னார்கள் அத்வைதிகள். லக்ஷணை வேண்டா, 'த்வம்' என்ற பதம் ஜீவனைச் சரீரமாக உடைய ப்ரஹ்மத்தையே முக்யமாகச் சொல்லும் என்று வேதார்த்தஸங்க்ரஹத்தில் ஸ்தாபித்தருளினார் எம்பெருமானார். ஆதலால் நம்மவர்க்கு லூதர் பக்கமே மனம் சாயலாம். அவ்வளவு விரைதல் வேண்டா. அவருடைய ஸித்தாந்தத்திற்குச் சரீராத்மபாவம் ஆதாரமன்று. அர்ச்சாவதாரத்தோடு அதை ஒன்றாக்கிப் பேசுவதும் பிழை. ஒப்புமை வாக்யார்த்த முறையளவில் மட்டுமே.

எதிர்த்தரப்பில் மற்றொரு சுவையான செய்தி உண்டு. சரீரம் நேரே அப்பத்தில் இல்லை என்று சொன்னவர்கள் எல்லாரும் லக்ஷணையை ஒரே சொல்லில் வைக்கவில்லை. 'இது' என்று தம்மையே சுட்டிக்காட்டினார் என்றார் கார்ல்ஷ்டாட். 'ஆகிறது' என்பதில் வைத்தார் ஸ்விங்லி. 'சரீரம்' என்றால் சரீரத்தின் அடையாளம் என்றார் இகோலம்பாடியஸ். முடிவு ஒன்றாயிருக்க வழி மூன்றானதைக் காட்டி லூதர் எள்ளினார். எள்ளியது நியாயமா என்பது வேறு. ஆனால் ஒரு வாக்யத்தில் ஒரு பதமும் விடாமல் ஆராய்ந்தவர்களை நூலில் பற்றில்லாதவர் என்று சொல்ல இயலாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. கிறிஸ்து பேசிய அரமேய மொழியில் இவ்வகை வாக்யத்திற்கு வினை வேண்டுவதில்லை, தமிழிலும் அப்படியே. 'இது என் வீடு' என்றால் போதும். ஆனால் வழக்கிலுள்ள பழைய தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் 'ஆயிருக்கிறது' என்பதைச் சேர்த்தே வைத்திருக்கிறது. தமிழுக்கு வேண்டாத வினை, கிரேக்க மூலத்தின் சொல் ஒன்றும் விடுபடலாகாது என்ற அச்சத்தால் வந்தது போலும்.

இனி முக்கியமான வினாவுக்கு வருவோம். பொருள் வேறுபாடு இருந்தால் பிரிவு நேர்ந்தே தீருமா? நேராது என்பதற்கும் சான்று இதே பொருளில் கிடைக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ப்ரான்ஸ் தேசத்துக் கோர்பி மடத்தில் பஸ்காஸியஸ் ராட்பெர்டஸ் என்பவர், அப்பத்தில் உள்ளது கிறிஸ்துவின் மெய்யான சரீரமே என்று ஒரு நூல் இயற்றினார். அதே மடத்துத் துறவியாகிய ராட்ராம்னஸ், அரசர் சார்லஸ் வினவியதற்கு விடையாக, அதே பெயரில் அதற்கு மாறான நூல் ஒன்று எழுதினார். திருச்சபை பிளவுபடவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே வினா ஒரே பக்ஷத்தாரை இரண்டாக்கிற்று.

இடையில் மாறியது எது? முதலாவது, தீர்ப்புச் சொல்லும் ஆசனம் இல்லாமற்போயிற்று. போப்பின் தீர்ப்பைத் தள்ளி வேதாகமம் ஒன்றே ப்ரமாணம் என்றவர்களுக்கு, அவ்வேதாகமத்தின் பொருளில் ஐயம் வந்தால் ஒருவர் வ்யாக்யானத்துக்கு மற்றவர் கட்டுப்பட வேண்டிய காரணம் இல்லை. இரண்டாவதே எம் கருத்தில் வலியது. அவ்வாண்டு ஏப்ரலில் ஸ்பேயர் அவையில் சிற்றரசர்களும் நகரங்களும் ஆட்சேபம் தெரிவித்தபின், பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு எதிராகத் துணைவலி தேவைப்பட்டது. பிலிப் மார்பர்க்கில் இவர்களைக் கூட்டியதும் அதற்காகவே. யார் நம்மவர் என்று அறிய எழுத்தில் ஓர் அறிக்கை வேண்டும். அதில் கையெழுத்திட்டவர் உள்ளே, இடாதவர் வெளியே. கோர்பி மடத்தில் நூலாக இருந்த வ்யாக்யானம் இங்கே உடன்படிக்கைப் பத்திரமாயிற்று. மறு ஆண்டு ஆக்ஸ்பர்க் பேரவைக்கு லூதரர் அறிக்கை ஒன்று, ஸ்ட்ராஸ்பூர்க் முதலிய நான்கு நகரங்களின் அறிக்கை ஒன்று, ஸ்விங்லியின் அறிக்கை ஒன்று என மூன்று சென்றன.

நம் ஸம்ப்ரதாயத்தையும் இவ்விடத்தில் நினையாதிருக்க முடியாது. பிள்ளைலோகாசார்யரும் வேதாந்ததேசிகரும் ஒரே காலத்தவர். இருவரும் எம்பெருமானார் திருவடிகளையே பற்றியவர்கள். சரமச்லோகத்தில் 'பரித்யஜ்ய' என்ற சொல்லில் த்யாகத்தை விதியாகக் கொள்வதா, அநுவாதமாகக் கொள்வதா என்பது இலக்கணமும் மீமாம்ஸையும் கலந்த ஆராய்ச்சி. இதுவும் இதனோடு ஒத்தவையும் பிற்காலத்தில் பதினெட்டு பேதங்களாக எண்ணப்பட்டன. ஆனால் காஞ்சித் தேவராஜன் ஸந்நிதியில் ஆங்கிலேயர் காலத்து வழக்குகள் நீதிமன்றம் ஏறியது 'பரித்யஜ்ய' என்ற சொல்லுக்காக அன்று. எந்தத் தனியன் முன்னே ஸேவிக்கப்படும், கோஷ்டியில் யாருக்கு உரிமை என்பவற்றுக்காக. பொருள் வேறுபாடு ஒருவர்க்கொருவர் விடை எழுதுமளவும் வ்யாக்யானமாயிருந்தது. உரிமைப் பத்திரமானபோது கலையாயிற்று. இதை எழுதுகையில் இரு கலையாரும் எம்மைப் பொறுத்தருள வேண்டும்.

மார்பர்க்கில் வாதம் முடிந்தபோது ஸ்விங்லி பக்கத்தார் சகோதரராக ஏற்கும்படி வேண்டினர். லூதர் மறுத்தார், பகைவரிடத்தும் காட்டவேண்டிய அன்புக்கு மட்டும் இசைந்தார். அவரைக் கடினசித்தர் என்பது எளிது. கிறிஸ்துவின் வாக்கிலே ஒரு சொல்லைத் தளர்த்தினால் மற்றெந்த வாக்குறுதியை நம்புவது என்ற அச்சம் அவருக்கு மெய்யானது. ஸ்விங்லி இரண்டே ஆண்டுகளில், 1531இல், காப்பெல் போர்க்களத்தில் மாண்டார்.

1973இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து லாயன்பர்க் என்னுமிடத்தில் ஐரோப்பிய லூதரரும் சீர்திருத்தச் சபையாரும் ஒருவர் திருவிருந்தில் ஒருவர் கலந்துகொள்ள உடன்பட்டனர். 444 ஆண்டுகள் கழிந்தும் 'எஸ்ட்' என்பதற்கு ஒரு பொருள் முடிவு செய்யப்படவில்லை. பழைய கண்டனங்கள் இன்றுள்ள மறுதரப்பாருக்குப் பொருந்தா என்று மட்டும் எழுதினர். தமிழகத்தில் நிலை வேறு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூதரர். 1947இல் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், ப்ரெஸ்பிடீரியர், காங்கிரிகேஷனல் சபையார் கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது தரங்கம்பாடி வழிவந்த லூதரர் அதில் இணையவில்லை. அதற்கு மார்பர்க் ஒன்றே காரணம் என்றல் மிகை. நிர்வாகக் காரணங்களும் இருந்தன. திருவரங்கத்திற்கு அக்கரையில், திருச்சிராப்பள்ளி நகரத்தில், இரு சபைகளின் பேராயர்களும் இன்றும் தனித்தனி ஆசனங்களில் வீற்றிருக்கிறார்கள்.