குளிர்மனையும் மாணாக்கரும்

வெயிலைப் பழித்து வாழும் நமக்கு, குளிரால் வருந்தும் மாணாக்கர் நிலை புதுமையாகத் தோன்றலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், ஹைடு பார்க் பகுதியில் மாணாக்கர் பலர் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். அவற்றுட் பல 19-ஆம் நூற்றாண்டிற் செங்கல்லாற் கட்டப்பெற்றவை. சுவரினுள்ளே இடைவெளி இன்மையின், கணப்பின் வெப்பம் விரைந்து வெளியேறும். அதனை ஈடுசெய்ய எரிவாயு மேன்மேலும் செலவாகும்.

நடுத்தர அளவில் எரிவாயுவும் மின்சாரமும் நுகரும் இல்லத்துக்கு, 2021 அக்டோபரில் ஆண்டுக்கு 1,277 பவுனாகக் கணக்கிடப்பட்ட செலவு, 2022 அக்டோபரில் 2,500 பவுனாயிற்று. அரசு விதித்த வரம்பு அலகின் விலைக்கேயன்றி மொத்தச் செலவுக்கன்று. ஆதலின் வெப்பம் ஒழுகும் வீட்டினர் மிகுதியாகவே கொடுத்தனர்.

கணப்பை அவித்துப் போர்வை போர்த்தல் ஆகாதோ எனின், ஆகாது. மூச்சிலும் சமையலிலும் எழும் நீராவி குளிர்ந்த சுவரிற் படிந்து நீராகும். அவ்வீரத்திற் பூஞ்சணம் பூக்கும். அது மூச்சுநோய்க்கு ஏதுவாம். அறையின் வெப்பம் 18 பாகைக்குக் குறைதல் நன்றன்றென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

சுவரைத் திருத்துதற்குரியார் வீட்டுடையார். குளிரை நுகர்ந்து பொருளும் கொடுப்பார் மாணாக்கர். இடரின் வேர் இதுவே. 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வாடகை வீட்டுக்கு வேண்டுவது ஏழு படிகளுள் ஐந்தாம் படியே. விரல் விறைத்து எழுதுகோல் பற்றமாட்டாதார்க்குக் கல்வி யாங்ஙனம் சிறக்கும்? நண்பர்களே, நூலும் ஆசிரியரும் போல, உறையுளும் கல்விக்கு உறுப்பாம்.