மனைவி இந்தியர், கணவர் அகதி

காரவள்ளியில் தொடங்கும் கொல்லிமலைச் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டை அடைகிறது. ஆடிப்பெருக்குக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் இந்த வழியில் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் மிளகு, காப்பி, பலா, வாழை இறங்கும். சிமென்ட், கம்பி, பெயின்ட் டப்பா ஏறும். மலையில் தங்கும் விடுதிகள் பெருகிய பிறகு பெயின்டர்களுக்கு இங்கே வேலை நிறைய. தமிழ்நாட்டின் பல ஊர்களைப் போலவே இங்கும் அந்த வேலைக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் இலங்கைத் தமிழர் முகாம்களைச் சேர்ந்தவர்கள்.

செம்மேட்டில் அப்படி ஒருவரைப் பார்த்தேன். 1989இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் 1985இல் படகில் வந்தவர்கள். மாலை நான்கரைக்கெல்லாம் பிரஷ்ஷைத் தின்னரில் அலசிக் கட்டி வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார். இரவு இங்கேயே தங்கினால் பஸ் காசு மிச்சம், மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கலாம். ஆனால் முகாமில் திடீரென்று ஆள் கணக்கு எடுத்தால், இல்லாத ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டும். "எனக்கு இலங்கையை போட்டோவுலதாண்ணா தெரியும்" என்கிறார்.

அவர் மனைவி சேந்தமங்கலம் பக்கத்துப் பெண். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் இதே மண். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள், இரண்டு பிள்ளைகள். வீட்டு ஆவணங்கள் எல்லாவற்றையும் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றில் போட்டு வைத்திருக்கிறார். அவருடைய வாக்காளர் அட்டை, திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, எல்லோருடைய ஆதார், கணவரின் முகாம் அட்டை. ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்தார். "நான் இந்தியான்னா, இதுங்களுக்கு நான்தான் அம்மான்னா, இந்தப் பிள்ளைங்க எந்த நாட்டுங்க சார்?"

இந்தக் கேள்விக்கான பதில் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடிமகன். அன்று முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமக்களாக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைக்கு அதுவும் போதாது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே வந்தவரைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. உயிருக்குப் பயந்து தலைமன்னாரிலிருந்து படகேறியவர் எந்த அலுவலகத்தில் விசா வாங்கியிருக்க முடியும்?

பெயின்டரின் அண்ணன் 1986இல் பிறந்தவர். அதே பெற்றோர், அதே முகாம். அண்ணன் சட்டப்படி இந்தியர்; தம்பி இல்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்க வேண்டும் என்று 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகுதான் அண்ணன் வயதுக்காரர்களுக்குத் தங்கள் உரிமையே தெரியவந்தது. அந்தப் பெண் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். தம்பி வயதுக்காரர்கள் இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்தவர்கள்தான். ஒரு நாளும் எல்லை தாண்டாத இவர்கள் நாட்டுக்குள் 'நுழைந்தவர்கள்' ஆவது எப்படி என்பதற்கு யாரும் சரியான விளக்கம் சொல்வதில்லை. ஆனாலும் அரசுக்கு இவர்கள் முகாம் அட்டைக்காரர்களே.

கல்யாணத்துக்கென்று சட்டத்தில் ஒரு வழி உண்டு. இந்தியரை மணந்து, ஏழு ஆண்டுகள் இங்கே வசித்தவர் ஐந்தாவது பிரிவின் கீழ்க் குடியுரிமைப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டிலிருந்து விசாவோடு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்தவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் அதே பிரிவின் முதல் வரியிலேயே 'சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர்' என்ற நிபந்தனை நிற்கிறது. அகதியாக வந்தவர் அந்த வரியைத் தாண்டுவதில்லை, எத்தனை ஆண்டு குடும்பம் நடத்தியிருந்தாலும்.

இந்த மலையடிவாரத்துக்கு இந்தக் கதை புதிதல்ல. இலங்கையில் காப்பித் தோட்டங்களும் பிறகு தேயிலைத் தோட்டங்களும் எழுந்தபோது கங்காணிகள் ஆள் திரட்டிய பகுதிகளில் அன்றைய சேலம், திருச்சி மாவட்டங்கள் முக்கியமானவை. அவர்களின் பேரப்பிள்ளைகளை 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் தலைகள் இருந்தன, குடும்பங்கள் இல்லை. பெற்றோருக்கு ஒரு நாடும் பிள்ளைக்கு இன்னொரு நாடும் வாய்த்தன. அண்ணன் கப்பலேற, தங்கை தோட்ட லயத்திலேயே நின்றாள். இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து தலைமன்னார் போன ரயில்களை அங்குள்ளவர்கள் 'அழுகைக் கோச்சி' என்றார்கள்.

இந்திய பாஸ்போர்ட் கையில் இருந்தும் எல்லோரும் வந்து சேர முடியவில்லை. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்கே வன்னிக்குப் போனவர்களில் பலர், 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகளாகப் படகேறினார்கள். துறையூர், நாமக்கல் பக்கத்துத் தாத்தாவின் பேரன், தாத்தாவின் ஊருக்கு நாலு மைல் தள்ளி முகாமில் அந்நியனாகப் பதிவான கொடுமை இப்படித்தான் நடந்தது. இத்தகையவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலித்து 16 வாரங்களில் முடிவெடுக்குமாறு 2019 ஜூனில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி நிறுத்திக்கொண்டது. இலங்கை அதில் இல்லை.

கொழும்பிலோ டெல்லியிலோ ஆட்சி மாறும்போதெல்லாம் முகாம் வீடுகளில் தூக்கம் போகும். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்ததும் திரும்பிப் போனார்கள். 1990இல் மீண்டும் ஓடி வந்தார்கள். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம் என்றாலே சந்தேகம். 2021இல் தமிழ்நாடு அரசு பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றி, புதிய வீடுகள் கட்டியது. நல்ல வேலைதான், நன்றியோடு சொல்கிறார்கள். ஆனால் குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர், வெளியே காவல் நிலையப் பதிவோடு 34,000 பேர் என்று அப்போது அரசு சொன்னது. இவர்களில் உள்ளூரில் பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் எவ்வளவோ பேர்.

2025இல் இரண்டு செய்திகள் வந்தன. மே 19 அன்று, தண்டனை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவர் தன் மனைவியும் பிள்ளைகளும் இங்கே இருப்பதைச் சொல்லி இந்தியாவில் தங்க அனுமதி கேட்டபோது, எல்லா நாட்டு அகதிகளையும் ஏற்க இந்தியா ஒரு தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னது. அவர் வழக்கு வேறு வகை. ஆனால் முகாம்களில் அந்தச் சொல் எல்லோர் மீதும் விழுந்தது. செப்டம்பரில், புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து மத்திய உள்துறை விலக்கு அளித்தது. சிறைப் பயம் குறைந்தது. குடியுரிமைக்கான வழி அந்த ஆணையில் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களுக்கு விலக்கும் இல்லை.

திரும்பிப் போகலாமே என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கிய முதியவர் ஒருவர் அங்கே கைது செய்யப்பட்டார். அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறியது அவர் செய்த குற்றம். உள்ளே வந்தது இங்கே குற்றம், வெளியே போனது அங்கே குற்றம். அப்படியே போனாலும், சேந்தமங்கலத்துப் பெண் அங்கே எந்த விசாவில் வாழ்வாள்? இங்கே கணவர் அந்நியர் என்றால் அங்கே மனைவி அந்நியர்.

ஒரு தேசம் யாரைக் குடிமகனாக ஏற்பது என்று முடிவு செய்ய அதற்கு உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. நான் சொல்வது இந்தியக் குடிமகளின் உரிமையைப் பற்றி. வாக்களிக்கும், வரி கட்டும் ஒரு பெண் தன் கணவரோடு பயமில்லாமல் குடும்பம் நடத்தவும், தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குத் தன் நாட்டைத் தரவும் முடியவில்லை என்றால், குறைந்துபோவது அவளுடைய குடியுரிமைதான். வந்தவர்களை அரசே பதிவு செய்தது, அட்டை கொடுத்தது, மாதப் பணம் கொடுத்தது. நாற்பதாண்டு கழித்து அவர்களை ஒளிந்து வந்தவர்கள் என்பது நியாயமே இல்லை.

மத்திய உள்துறை செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. 2025இல் விலக்கு பெற்ற பதிவுபெற்ற இலங்கைத் தமிழர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதுவதில்லை என்று ஒரு திருத்தம் வேண்டும். இந்தியரை மணந்தவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் அது முதலில் பொருந்தட்டும். தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை இப்படி ஒரு தம்பதி உங்கள் ஊரில் இருந்தால் சில வேலைகளைத் தள்ளிப்போடாமல் செய்யச் சொல்லுங்கள். திருமணத்தை 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்யுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றில் இருவர் பெயரும் முகாம் அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். கணவரோ மனைவியோ 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் என்றால், மருத்துவமனைப் பதிவையோ பஞ்சாயத்துப் பதிவையோ உடனே தேடி எடுத்து, வழக்கறிஞர் ஒருவரிடமோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ காட்டுங்கள். தகுதி உள்ளவர்களுக்கு ஆணைக்குழுவில் சட்ட உதவி இலவசம்.