சிறுநல்கையும் ஊர்ப்பொதுமையும்: செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

வெளிநாட்டு உதவி என்றவுடன் ஆய்வாளர் நினைவில் எழுவன பெருங்கடன் திட்டங்களே. மாமல்லபுரத்திற்கு வடக்கே நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் நிதியுதவியுடன் எழுந்தது. அதனருகே பேரூரில் 40 கோடி லிட்டர் திறனுடைய நிலையம் ஜப்பானியக் கடனுதவியுடன் திட்டமிடப்பட்டது. இவை அரசுகளுக்கிடையே முடிவாகும் உடன்படிக்கைகள். ஒரு வகுப்பறை, ஓர் ஆம்புலன்ஸ், ஒரு கிணறு என்னும் அளவில், தூதரகத்திற்கும் ஓர் உள்ளூர் அமைப்பிற்கும் இடையே நேரடியாக ஒப்பந்தமாகும் சிறுநல்கை வேறொரு வகை. தமிழில் அதிகம் பேசப்படாத அவ்வகையின் இயங்குமுறையையும், இக்கடற்கரையில் அதனை யார் பெற இயலும் என்பதனையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சிறுநல்கையின் இலக்கணம்

இவ்வகைக்குத் தெளிவான சான்று ஜப்பான் அரசு 1989ஆம் ஆண்டு தொடங்கிய திட்டமாகும். 'அடித்தள மனிதப் பாதுகாப்புத் திட்டங்களுக்கான நல்கை' எனத் தற்போது வழங்கும் இதனைத் தமிழ்நாட்டில் சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகம் கையாளுகிறது. ஒரு திட்டத்திற்குப் பொதுவான உச்சவரம்பு நெடுங்காலம் ஒரு கோடி யென்னாக இருந்தது. அண்மைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம் ரூபாய். தொண்டு நிறுவனம், பள்ளி, மருத்துவமனை, உள்ளாட்சி அமைப்பு ஆகியன விண்ணப்பிக்கலாம். தனியாட்களும் இலாபநோக்குடைய நிறுவனங்களும் விண்ணப்பிக்க இயலாது. வரைபடம், வரவுசெலவு அறிக்கைகள், ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விலைப்புள்ளிகள் ஆகியவற்றைத் தூதரகம் கோரும்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒரு விலக்கு. கட்டடத்திற்கும் கருவிக்கும் பணம் உண்டு. ஊதியத்திற்கும் அன்றாடப் பராமரிப்புக்கும் இல்லை. ஆம்புலன்ஸ் வரும், ஓட்டுநர் வாரார், டீசலும் வாராது. ஆகவே 'பத்தாண்டுகளுக்குப் பின் இதனை யார் பேணுவர்?' என்னும் வினாவுக்கு விடையளிக்கத்தக்க நிலையான வருவாயுடைய அமைப்பே தகுதி பெறுகிறது. கொடுப்போர் பார்வையில் இது நியாயமான எச்சரிக்கைதான். எனினும், மிகவும் வறிய குழுவினர் இவ்வடைப்புக்குள் நுழைவது அரிது என்பதையும் மறுத்தல் இயலாது.

ஆழிப்பேரலைக்குப் பின்

2003–04 நிதிநிலை அறிக்கையில் இந்திய அரசு, நன்கொடை நாடுகள் பலவற்றின் நேரடி அரசுவழி உதவியை இனி ஏற்பதில்லை எனவும், அந்நாடுகள் தொண்டு நிறுவனங்கள் வழியாகவோ பன்னாட்டு அமைப்புகள் வழியாகவோ உதவலாம் எனவும் அறிவித்தது. அடுத்த ஆண்டு, 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது (அன்று இப்பகுதி காஞ்சிபுரம் மாவட்டம், செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019இல்), பிற அரசுகளின் நேரடி உதவியை இந்தியா தொடக்கத்தில் ஏற்கவில்லை. ஆனால் தொண்டு நிறுவனங்கள் வழியே வெளிநாட்டுப் பணம் தடையின்றி வந்தது.

வந்த பணம் ஊருக்குள் இறங்கியது பெரும்பாலும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தின் வழியாக. உதவியை ஊர்ப்பொதுவாக வாங்கித் தம் வழக்கப்படி பங்கிடும் அம்முறை, தனியாள் பட்டியல் கேட்ட நிறுவனங்களைத் திகைக்கச் செய்தது. இழப்பு படகாலும் வலையாலும் அளக்கப்பட்டமையால் கண்ணாடியிழைப் படகுகள் தேவைக்கு மிஞ்சிக் குவிந்தன. படகில்லாதோர், அதாவது தலைச்சுமை மீன் விற்கும் பெண்கள், கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர், பட்டியலின் விளிம்பில் நின்றனர்.

இருளரைக் குறித்து ஒரு சொல். 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதும் தொழிலிழந்த அவர்கள், 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நஞ்செடுத்து விற்று வருவாய் ஈட்டினர். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986இல் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் தோன்றியது. பேணுதற்கு வழியுண்டா என்னும் தூதரக வினாவுக்கு விடைசொல்லத்தக்க வடிவம் இத்தகைய சங்கங்களில் உண்டு என்பது என் கருத்து. ஆனால் அவ்வினாவுக்கு முன்னரே கடக்கவேண்டிய வாயில் ஒன்று உள்ளது.

சட்டத்தின் வாயில்

வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை) சட்டம், 2010இன்படி வெளிநாட்டு அரசும் 'வெளிநாட்டு மூலம்' ஆகும். எனவே நல்கை பெறும் தொண்டு நிறுவனத்திற்கு ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிக்கவேண்டிய பதிவு தேவை. 2020 செப்டம்பர்த் திருத்தம் மூன்று மாற்றங்களைக் கொணர்ந்தது. நிர்வாகச் செலவின் வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. பணம் முதலில் வந்துசேரும் கணக்கு புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையிலேயே இருத்தல் வேண்டும் என்றானது. மூன்றாவதே சிறுநல்கையைப் பெரிதும் தாக்கியது: பெற்ற நன்கொடையைப் பிறிதோர் அமைப்புக்கு மாற்றுதல் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. பெருநிறுவனம் பெற்றுச் சிற்றூர்ச் சங்கங்களுக்குப் பகிர்ந்தளித்த சங்கிலி இதனால் அறுந்தது. 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் இத்திருத்தங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

பதிவு பெறவோ, மூன்றாண்டுகளில் 15 இலட்சம் ரூபாய் தன் முதன்மைப் பணிகளுக்குச் செலவிட்டிருத்தல் வேண்டும். ஒரு கிணற்றுக்காக விண்ணப்பிக்கும் சங்கத்திற்கு அக்கிணற்றின் விலையைவிட இத்தொகை பெரிது. எஞ்சுவது 'முன் அனுமதி' வழி: குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட பணி ஆகியவற்றுக்கு நடுவணரசின் உள்துறை அமைச்சகத்திடம் ஒருமுறை ஒப்புதல் பெறுதல். இதற்கு நன்கொடையாளரின் உறுதிக்கடிதம் முதலில் வேண்டும். அவரோ பெரும்பாலும் சட்டத்தகுதியை முதலில் கேட்கிறார்.