அலாஸ்காவுக்கு அனுப்பப்பட்டவர்

வில்லியம் டன்லோ. இந்தப் பெயரைக் கேட்டதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டால், நீங்கள் ‘மிஷன்: இம்பாசிபிள்’ படங்களின் தீவிர ரசிகர். தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவரை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள்.

1996இல் வந்த முதல் படத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். இயக்கியவர் பிரையன் டி பால்மா. சிஐஏவின் லாங்லி தலைமையகத்துக்குள் ஒரு வெள்ளை அறை. அங்கிருக்கும் கணினியில் இரகசிய உளவாளிகளின் பெயர்ப் பட்டியல். சின்னச் சத்தம் எழுந்தாலும், வெப்பம் கொஞ்சம் ஏறினாலும், தரையில் ஏதாவது பட்டாலும் அபாய மணி அலறும். ஈத்தன் ஹண்ட்டாக நடிக்கும் டாம் குரூஸ் கூரையிலிருந்து கயிற்றில் தலைகீழாக இறங்குவார். கண்ணாடியில் வழியும் வியர்வைத் துளியைத் தரையில் விழவிடாமல் கையில் ஏந்துவார்.

அந்த அறையில் வேலை பார்ப்பவர்தான் டன்லோ. காப்பியில் எதையோ கலந்து கொடுத்துவிட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கும் அறைக்குமாக ஓடுவார். கடைசியில் மேசையில் குத்தி நிற்கும் ஒரு கத்தியை வெறித்துப் பார்ப்பார். அவருடைய மேலதிகாரியோ, இன்று மாலைக்குள் அந்த ஆளை அலாஸ்காவுக்கு அனுப்பிவிடு என்கிற மாதிரி ஓர் உத்தரவு போடுவார். திரையரங்கில் எல்லாரும் சிரிப்பார்கள். படம் அடுத்த காட்சிக்குத் தாவிவிடும்.

அப்போது எனக்கு ஐந்து வயது. படத்தைப் பார்த்ததெல்லாம் பிறகு, தொலைக்காட்சியில். ஊடகத்துறை படித்த காலத்தில் ஒலி பற்றிய வகுப்பொன்றில் விரிவுரையாளர் இதே காட்சியைப் போட்டுக் காட்டினார். பின்னணி இசை ஏறக்குறைய இல்லாமல் ஒரு பெரிய படத்தின் முக்கியக் காட்சி எப்படி நிற்கிறது என்பதுதான் பாடம். கயிற்றின் உரசல், மூச்சு, விசைப்பலகையின் தட்டல். அவ்வளவுதான். ஜூல்ஸ் டாசின் 1964இல் எடுத்த ‘டாப்காபி’ படத்திலும் இப்படிக் கூரையிலிருந்து தொங்கித் திருடும் காட்சி உண்டு. உடம்பைத் தரைக்குச் சற்று மேலே சமமாக நிறுத்த முடியாமல் தடுமாறிய குரூஸ், எடைக்காகக் காலணிக்குள் நாணயங்களைப் போட்டுக்கொண்டார் என்ற கதையும் பிரபலம்.

இனி 2025க்கு வருவோம். படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கதையைச் சொல்லப் போகிறேன்.

தொடரின் எட்டாவது படமான ‘தி ஃபைனல் ரெக்கனிங்’ அந்த ஆண்டு மே மாதம் வெளியானது. ஐந்தாவது படத்திலிருந்து தொடர்ந்து இயக்கிவரும் கிறிஸ்டோபர் மெக்குவாரிதான் இதற்கும் இயக்குநர். ‘என்டிட்டி’ என்ற செயற்கை நுண்ணறிவு உலகின் அணு ஆயுதங்களை ஒவ்வொன்றாகத் தன் பிடிக்குள் கொண்டு வருகிறது. அதை அடக்கும் வழி, கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இருக்கிறது. கப்பல் எங்கே கிடக்கிறது? அதைத் தெரிந்தவரைத் தேடி ஈத்தனின் குழு பெரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவுக்குப் போகிறது. கதவைத் திறப்பவர், நரைத்துப்போன டன்லோ. அதே நடிகர், ரோல்ஃப் சாக்ஸன். இடையில் 29 ஆண்டுகள்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிரிக்க வைப்பதற்காகச் சொன்ன ஒரு வரி, ஒரு மனிதரின் வாழ்க்கையாகவே ஆகியிருக்கிறது.

பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்ற தீவு உண்மையிலேயே இருக்கிறது. அங்கு மனிதக் குடியிருப்பு கிடையாது. படத்தில் அங்கே டன்லோவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, கடலடி ஒலிகளைக் கேட்பது. இதுவும் முழுக் கற்பனை இல்லை. சோவியத் நீர்மூழ்கிகளை ஒலியால் கண்டுபிடிக்க அமெரிக்கக் கடற்படை 1950களிலிருந்தே கடலுக்கடியில் ஒலிவாங்கிகளை வைத்துக் கேட்டு வந்தது. சத்தமே கூடாத அறையில் வேலை பார்த்தவர், சத்தம் கேட்பதையே வேலையாகச் செய்யும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்தக் கப்பல் மூழ்கிய இடம் அவருக்குத் தெரிந்திருப்பதும் அதனால்தான்.

என் துறையிலும் இப்படி ஒருவரை எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நேரலையில் ஒலி அரை நிமிடம் நின்றுவிட்டது. காரணம் மின்தடை. ஆனால் அப்போது கட்டுப்பாட்டு அறையில் இருந்த தொழில்நுட்பாளர் அண்ணன் மறுவாரமே நள்ளிரவுப் பணிக்கு மாற்றப்பட்டார். ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேயர்களுக்கு அந்த அண்ணனின் பெயரே தெரியாது. டன்லோ கதவைத் திறந்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது.

உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருந்திருப்பார். திட்டம் போட்டவர்களுக்குப் பாராட்டு. பொறுப்பில் இருந்தவருக்கு இடமாற்றம். உளவுப் படங்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். நாயகன் தப்பித்துப் போன பிறகு அந்தக் காவலாளிக்கு என்ன ஆனது, அந்த எழுத்தருக்கு வேலை மிஞ்சியதா என்று எந்தப் படமும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தப் படம் திரும்பிப் பார்க்கிறது. ஈத்தன், தன்னால் வந்த துன்பத்துக்காக டன்லோவிடம் வருத்தம் தெரிவிக்கிறார். அவரிடமோ கோபம் இல்லை. அந்தத் தண்டனைதான் தன் மனைவி தபீசாவைக் கொடுத்தது என்கிறார். தபீசாவாக நடித்திருப்பவர் கனடாவைச் சேர்ந்த இனுயிட் நடிகை லூசி துலுகர்ஜுக். அன்று மேசையில் குத்தி நின்ற கத்தியையும் டன்லோ இத்தனை காலம் பத்திரமாக வைத்திருக்கிறார். அதன் பிறகு கணவன் மனைவி இருவரும் ஈத்தனின் குழுவோடு சேர்ந்துகொள்கிறார்கள்.

படத்தில் எல்லாமே இப்படிப் பொருந்தவில்லை. ஏறக்குறைய 2 மணி 50 நிமிடம் ஓடுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் விளக்கமும் பழைய படங்களின் துண்டுகளும்தான் அதிகம். 2006இல் வந்த மூன்றாம் படத்தில் என்னவென்றே சொல்லாமல் விட்ட ‘முயல் கால்’ என்ற பொருளை இழுத்து வந்து ‘என்டிட்டி’யோடு முடிச்சுப் போடுகிறார்கள். ஈத்தனைத் துரத்தும் அதிகாரி, முதல் படத்தின் வில்லன் ஜிம் ஃபெல்ப்ஸின் மகன் என்கிறார்கள். அதனால் கதையில் எதுவும் மாறவில்லை. பழைய ரசிகர்களுக்கு ஒரு கண்சிமிட்டல், அவ்வளவே. டன்லோ அப்படியில்லை. அவரை எடுத்துவிட்டால் கப்பலைக் கண்டுபிடிக்கவே முடியாது.

டாம் குரூஸ் பறக்கும் விமானத்தின் இறக்கையில் தொங்குகிறார். எரியும் பாராசூட்டோடு 16 முறை குதித்துக் கின்னஸ் சாதனையும் செய்தார். அதையெல்லாம் நானும் வாய்பிளந்துதான் பார்த்தேன். ஆனால் பணமும் துணிச்சலும் இருந்தால் இன்னொரு படக்குழுவும் அதைச் செய்துவிடலாம். 29 ஆண்டுகள் வயதான அதே முகத்தை அதே கதைக்குள் கொண்டு வந்து நிறுத்த, இவ்வளவு காலம் ஓடிய தொடரால்தான் முடியும். எட்டாம் பாகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

அடுத்த விடுமுறையில் முதல் படத்தையும் எட்டாவது படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வெள்ளை அறைக் காட்சி வரும்போது கயிற்றில் தொங்குபவரைக் கொஞ்சம் விட்டுவிட்டு, காப்பிக் கோப்பையோடு நடந்து வருபவரைக் கவனியுங்கள்.