தாண்டியைத் தாண்டும் முன்

மணாலியிலிருந்து லே போகும் நெடுஞ்சாலையில், சந்திரா நதியும் பாகா நதியும் கூடும் இடத்தில் தாண்டி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பெட்ரோல் பங்க்கின் அறிவிப்புப் பலகை பல ஆண்டுகளாகப் பிரபலம். அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதியிருக்கும். பைக்கில் வருகிறவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு, டேங்க்கை வழிய வழிய நிரப்பி, கேனிலும் பிடித்துக்கொண்டு கிளம்புவார்கள்.

சைக்கிளில் வருகிறவருக்கு பெட்ரோல் கவலை இல்லை. ஆனால் அவரும் அங்கே நின்று தன் பையை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. இதற்கு மேல் 4,890 மீட்டர் உயரத்தில் பாரலாச்சா லா, 5,000 மீட்டருக்கும் மேலே லாச்சுங் லா, 5,328 மீட்டரில் தங்லங் லா என்று கணவாய்கள் வரிசையாக வரும். கூடாரக் கடைகளில் மேகியும் டீயும் கிடைக்கும். கியர் மாற்றும் டீரெய்லருக்கு ஸ்பேர் கிடைக்காது.

முதல்முறை நெடும்பயணம் கிளம்புகிறவர்கள் 'எதெல்லாம் கெட்டுப்போகும்?' என்று யோசித்துப் பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது. சைக்கிளில் கெடாத பாகம் எது? பழகியவர்கள் வேறு இரண்டு கேள்விகளை வைத்திருக்கிறார்கள். இந்தப் பொருள் போனால் வண்டி நின்றுவிடுமா? அது வழியில் கிடைக்குமா? முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்று பதில் வரும் பொருளுக்குத்தான் பையில் இடம்.

அயர்லாந்துக்காரரான டெர்வ்லா மர்ஃபி 1963 ஜனவரியில் சைக்கிளில் புறப்பட்டு, ஐரோப்பா, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லி வந்து சேர்ந்தார். கிளம்பும் முன் தன் சைக்கிளில் இருந்த மூன்று வேக கியரையே கழற்றிவிட்டார். ஆசியச் சாலைகளை அந்த நுட்பமான பாகம் தாங்காது என்பது அவர் கணக்கு. மாற்று டயர்களை மட்டும் வழியிலுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார். எதைச் சுமப்பது என்பதோடு, எதை வண்டியிலேயே வைக்காமல் இருப்பது என்றும் யோசித்தவர் அவர்.

இப்போது பஞ்சருக்கு வருவோம். ராமநாதபுரம் பக்கம் சைக்கிள் ஓட்டியவர்களுக்குச் சீமைக் கருவேல முள்ளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நெருஞ்சி இன்னொன்று, அமெரிக்கர்கள் அந்தச் செடிக்கு வைத்திருக்கும் பெயரிலேயே 'பஞ்சர்' இருக்கிறது. பயணத்தில் இரண்டு டியூப், ஒட்டும் சாமான், இரண்டு மூன்று டயர் லிவர், ஒரு சின்ன பம்பு கட்டாயம். பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். புது டியூபைப் போட்டுவிட்டு, ஓட்டையானதை இரவு தங்கும் இடத்தில் நிதானமாக ஒட்டலாம். ஆனால் டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் புது டியூபை மாட்டக் கூடாது. உள்ளே முறிந்து நிற்கும் முள் அதையும் பத்து நிமிடத்தில் பதம்பார்த்துவிடும்.

ஒட்டுவதிலும் பலர் செய்யும் தவறு அவசரம். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்த பிறகுதான் பேட்ச்சை அழுத்த வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது. திறந்த சொல்யூஷன் டியூப் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும் என்பதால், பிரிக்காத புது டியூப் ஒன்றைக் கொண்டுபோவது உத்தமம்.

டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் டியூப் வெளியே பிதுங்கி வெடிக்கும். பழைய டயரிலிருந்து வெட்டிய இரண்டங்குலத் துண்டை உள்ளே அண்டக்கொடுத்தால் போதும். அதுவும் இல்லையா? காலி பற்பசை டியூபை வெட்டி வைக்கலாம். ரூபாய் நோட்டை மடித்தும் வைக்கலாம். நம் நோட்டுகள் பருத்தி இழையால் ஆனவை, சாதாரணக் காகிதத்தைவிட நன்றாகத் தாங்கும்.

டயரே போய்விட்டால்தான் அளவுப் பிரச்சினை தொடங்குகிறது. கிராமத்துக் கடையில் தொங்கும் பழைய வண்டி டயர் 28 × 1½. அதன் ரிம் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்றைய பயண சைக்கிள்கள் பலவற்றில் இருக்கும் 700சி ரிம்மின் விட்டம் 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் டயர் ரிம்மில் நிற்காது. '26 அங்குலம்' என்று கேட்டு வாங்குவதும் ஆபத்து. மலைச்சைக்கிளின் 26 அங்குல ரிம் 559, பழைய பாணி 26 × 1⅜ ரிம் 590. பெயர் ஒன்று, பொருள் வேறு. டயரின் பக்கத்தில் 37-622 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால் குழப்பமில்லை. டியூப் இழுபடும் என்பதால் அதற்கு இவ்வளவு கறார் இல்லை.

காற்றடிக்கும் வால்விலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. பைக் டியூபில் இருக்கும் அதே ஷ்ரேடர் வால்வு சைக்கிளிலும் இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். ஒல்லியான ப்ரெஸ்டா வால்வு என்றால் கடைக்காரர் கையை விரிப்பார். சில கிராம் எடையுள்ள பித்தளை அடாப்டர் ஒன்று அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும்.

சுமையோடு ஓடும் சைக்கிளில் டயருக்கு அடுத்து அடிவாங்குவது பின்சக்கரத்தின் போக்ஸ் கம்பி. அதிலும் வலப்பக்கக் கம்பிகள். பல்சக்கரங்களுக்கு இடம்விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாகவும் அதிக இறுக்கத்தோடும் நிற்கின்றன. முறியும் கம்பியைக் கழற்றப் பல்சக்கரத் தொகுதியே குறுக்கே நிற்கும். அதைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். ஒரே சக்கரத்தில் இடப்பக்கக் கம்பிக்கும் வலப்பக்கக் கம்பிக்கும் சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீள வித்தியாசம் இருக்கும் என்பதால், 'ஏதோ ஒரு கம்பி' உதவாது. கிளம்பும் முன்பே கடையில் அளவெடுத்து, பக்கத்துக்கு இரண்டு கம்பி வாங்கி, வண்டிச் சட்டத்தோடு சேர்த்து டேப் சுற்றிவிடுவார்கள். கூடவே கோட்டம் எடுக்கும் சாவி ஒன்று. கம்பி முறிந்து ரிம் ஆடினால், முறிந்ததற்கு இருபுறமும் உள்ள கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தினால் அடுத்த ஊர்வரை உருட்டலாம். கொக்கிபோல் மாட்டிக் கட்டும் கெவ்லார் நூல் கம்பியும் விற்கிறது. பல்சக்கரத்தைக் கழற்றாமலே அதைப் போட்டுவிடலாம்.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு அலுமினியத்துக்குத்தான் இந்தப் பட்டியலில் முதலிடம் தர வேண்டும். பின் டீரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் அது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் சட்டம் சேதமாகாமல் தான் வளைந்துகொடுப்பதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டது. ரயிலில் ஏற்றும்போதோ, பஸ்ஸின் மேல் கட்டும்போதோ வளைந்துவிடலாம். மாடலுக்கு ஒரு வடிவம் என்று இதில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. பெரிய நகரத்துக் கடையிலும் உங்கள் வண்டிக்கானது இருக்கும் என்று உறுதியில்லை. எடையோ சில பத்து கிராம்தான்.

செயினுக்குப் புதுச் செயின் சுமக்க வேண்டியதில்லை. கிளம்பும் முன் ஒரு அடிஸ்கேலை வைத்து அளந்தால் அதன் ஆயுள் தெரிந்துவிடும். பின்னுக்குப் பின் அரை அங்குலம், 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிடலாம். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவைத்தால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். வழியில் அறுந்தால், செயின் கட்டரும் உங்கள் செயினின் வேகத்துக்குரிய இரண்டு க்விக் லிங்க்கும் போதும். ஒன்பது வேகச் செயினின் லிங்க் பதினோரு வேகத்துக்குப் பொருந்தாது.

கேபிள்களில் பிரேக்குக்கு ஒன்று, கியருக்கு ஒன்று. இரண்டும் பின்சக்கரத்துக்கான நீளத்தில் வேண்டும், முன்னுக்குத் தேவைப்பட்டால் வெட்டிக்கொள்ளலாம். டிஸ்க் பிரேக் என்றால் அதன் பேட் ஒரு ஜோடி. மழையில், சகதி கலந்த மலை இறக்கத்தில் பேட் கரையும் வேகம் பலரை அதிரவைத்திருக்கிறது. கேரியரையும் தண்ணீர் பாட்டில் கூண்டையும் பிடித்திருப்பவை பெரும்பாலும் எம்5 போல்ட்டுகள். குலுக்கலில் இவை தளர்ந்து எங்கோ விழுந்துவிடும். நான்கைந்து உபரி போல்ட், ஒரு பிடி ஜிப் டை, பம்பின் மேலேயே சுற்றிவைத்த துணி டேப், ஆலன் கீ தொகுப்பு. எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும்.

ராமேஸ்வரம் போகிறவருக்கு இதில் பாதி போதும். ஹேங்கரையும் அடாப்டரையும் விடாமல் எடுத்துக்கொண்டு, வழியில் கிடைப்பவற்றை ஊர்க்கடைகளை நம்பி விட்டுவிடலாம். லே போகிறவர் மொத்தத்தையும் எடுத்துப்போவார். கூட்டமாகப் போனால் மடக்கக்கூடிய டயர் ஒன்றையும் பல்சக்கரக் கருவியையும் பொதுவில் வைத்துக்கொள்வார்கள்.

இவ்வளவு எழுதிய பிறகும் எந்தப் பட்டியலிலும் வராத பாகம் ஒன்று இருக்கிறது. 1913-ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில், பிரெனீஸ் மலையின் தூர்மாலே கணவாய் இறக்கத்தில் யூஜென் கிறிஸ்டோஃப் என்ற வீரருக்கு முன் ஃபோர்க் முறிந்தது. வெளியாள் உதவி பெறக் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் சுமந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சாந்த் மரி த காம்பான் என்ற ஊரின் கொல்லன் பட்டறையில் தானே ஃபோர்க்கை அடித்துச் சரிசெய்தார். பூட்டுத் தொழில் கற்றவர் என்பதால் நெருப்பும் சுத்தியலும் அவருக்குப் புதிதல்ல. ஒரு சிறுவன் துருத்தி ஊதியதை அதிகாரிகள் உதவியாகக் கணக்கிட்டு அபராத நேரம் விதித்தார்கள். 1919-இல் அதே போட்டியில், வெற்றியை நெருங்கிய நேரத்தில் ஃபோர்க் மறுபடி முறிய, மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். 1922-இல் கலிபியே மலையில் மூன்றாவது முறையும் முறிந்தது. மூன்றும் எஃகு ஃபோர்க்குகள். நெடும்பயணம் போகிறவர்களில் பலர் இன்றும் கார்பனை விட்டு எஃகையே கேட்டு வாங்க ஒரு காரணம், அதைப் பற்றவைக்க எந்த ஊரிலும் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கும் என்பதுதான்.