2,200 மைல் நடக்கும் நண்பர்கள்: நடுக்காட்டில் வரும் பிரிவு!

ஐந்து பேர் இரண்டு மாதமாக ஒன்றாக நடக்கிறார்கள். ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். மழை பெய்தால் ஒரே கூரையின் கீழ் ஒண்டிக்கொள்கிறார்கள். ஒரு நாள் காலையில் அவர்களில் ஒருவருக்கு முழங்கால் வீங்கிவிடுகிறது. எழுந்து நிற்க முடியவில்லை. போக வேண்டிய தூரமோ இன்னும் 1,400 மைல்!

மற்ற நால்வரும் என்ன செய்வார்கள்? காத்திருப்பார்களா? விட்டுவிட்டுப் போய்விடுவார்களா?

அமெரிக்காவில் உள்ள அப்பலாச்சியன் பாதையில் ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வி எழுகிறது. பலருடைய கண்களில் கண்ணீரை வரவழைக்கும் கேள்வி அது.

14 மாநிலங்கள்

அது வண்டி ஓடும் பாதை அல்ல. நடப்பதற்கென்றே ஏற்பட்ட மலைப்பாதை. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்பிரிங்கர் என்ற மலையில் தொடங்குகிறது. வடக்கே மெயின் மாநிலத்தில் கட்டாடின் என்ற மலையின் உச்சியில் முடிகிறது. நீளம் சுமார் 2,200 மைல். அதாவது 3,500 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குப் போகும் நெடுஞ்சாலையை விடக் கொஞ்சம்தான் குறைவு! 14 மாநிலங்களைத் தாண்ட வேண்டும்.

தூரம் மட்டுமா? ஏற்றமும் இறக்கமும் வேறு. ஏறும் உயரங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், எவரெஸ்ட் சிகரத்தில் 16 தடவை ஏறியதற்குச் சமம் என்கிறார்கள்.

பெண்டன் மக்காய் என்பவர் 1921-ம் ஆண்டில் இந்த யோசனையைச் சொன்னார். தொண்டர்கள் காட்டை வெட்டி வழி செய்தார்கள். 1937-ல் பாதை முழுதும் தயாராயிற்று. வழி தவறாமல் இருப்பதற்காக, மரங்களிலும் பாறைகளிலும் வெள்ளை வர்ணத்தில் பட்டை தீட்டி இருக்கிறார்கள். 2 அங்குல அகலம், 6 அங்குல உயரம். அந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். படுப்பதற்கு 250-க்கு மேற்பட்ட கொட்டகைகள் உண்டு. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. அவ்வளவுதான்.

முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடக்க 5 முதல் 7 மாதம் ஆகும். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்புகிறார்கள். நாலு பேரில் ஒருவர்தான் கடைசி வரை போய்ச் சேருகிறார்.

பட்டப்பெயர்

பெரும்பாலானவர்கள் தனியாகத்தான் வருகிறார்கள். படிப்பு முடிந்த வாலிபர்கள், வேலையை விட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் என்று பல தினுசு. ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்ததில்லை. முதல் வாரத்திலேயே ஒருவருக்கொருவர் பெயர் வைத்துவிடுகிறார்கள். கரண்டியைத் தொலைத்தவருக்குக் 'கரண்டி' என்றே பெயர் விழுந்துவிடும். குறட்டை விடுகிறவர் பாடு இன்னும் கஷ்டம்! நம் ஊர்களில் பட்டப்பெயர் வைப்பது போலத்தான். இதற்குப் பிறகு சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் கிடையாது. நாலு மாதம் கூடவே நடந்த நண்பனின் சொந்தப் பெயர் கடைசி நாளில்தான் தெரிய வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு.

டாக்டராக இருந்தாலும், தச்சு வேலை செய்கிறவராக இருந்தாலும், முதுகில் இருப்பது ஒரே மூட்டைதான். அதற்குள் கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு, நாலைந்து நாள் சாப்பாடு எல்லாம் அடக்கம். இந்த ஊரில் வந்து இன்னார் என்று மார்தட்ட முடியாது.

இப்படிச் சேரும் சிறு கூட்டத்துக்கு 'டிராமிலி' என்று பெயர். 'டிரெயில்' என்றால் பாதை. 'பேமிலி' என்றால் குடும்பம். இரண்டையும் சேர்த்து ஒரு புதுச் சொல் செய்துகொண்டார்கள்.

இவர்கள் நாள் முழுதும் கையைக் கோத்துக்கொண்டு நடப்பதில்லை. அவரவர் வேகத்தில் போவார்கள். "ராத்திரி இன்ன கொட்டகை" என்று காலையில் பேசிக்கொள்வார்கள். இருட்டும் நேரத்தில் ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். கடைசி ஆள் வரும் வரை மற்றவர்கள் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். ரத்த சம்பந்தம் இல்லாத குடும்பம் இப்படித்தான் உண்டாகிறது.

விரிசல் எங்கே விழுகிறது?

குளிரோ கரடியோ இவர்களைப் பிரிப்பதில்லை. மைல் கணக்கும் பணக் கணக்கும்தான் பிரிக்கின்றன!

ஒருவர் நாளைக்கு 20 மைல் நடப்பார். இன்னொருவரால் 12 மைல்தான் முடியும். முதலில் வேகக்காரர் பொறுத்துக்கொள்கிறார். நாள் ஆக ஆக அவருக்குக் கால் பரபரக்கிறது. மெதுவாக நடக்கிறவருக்கோ, தன்னால் மற்றவர்கள் தாமதிக்கிறார்களே என்ற வெட்கம். வெட்கத்தில் அளவுக்கு மீறி நடக்கிறார். முழங்கால் வீங்குகிறது. குதிகால் வலிக்கிறது. சில சமயம் எலும்பிலேயே விரிசல் விட்டுவிடுகிறது.

அடுத்தது பணம். நாலைந்து நாளைக்கு ஒரு தடவை பக்கத்து ஊருக்கு இறங்கி மளிகைச் சாமான் வாங்க வேண்டும். ஊருக்குப் போனால் வெந்நீர்க் குளியல், மெத்தை, வயிறு நிறையச் சாப்பாடு. அன்று நடக்காமல் தங்கினால் அதற்கு 'ஜீரோ' என்று பெயர். நடந்த மைல் பூஜ்யம் அல்லவா? கையில் பணம் உள்ளவர் இன்னும் ஒரு நாள் தங்கலாம் என்பார். இல்லாதவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். "நான் முன்னாலே போகிறேன், நீங்கள் வந்து சேருங்கள்" என்று மூட்டையைத் தூக்கிக்கொள்வார். அவர்கள் மறுபடியும் சந்திக்காமலே போவதும் உண்டு.

வர்ஜீனியா மாநிலத்தில் மட்டும் சுமார் 550 மைல் பாதை இருக்கிறது. பாதையில் நாலில் ஒரு பங்கு! வாரக்கணக்கில் நடந்தாலும் மாநிலம் முடியாது. ஆரம்பத்தில் இருந்த உற்சாகம் தீர்ந்துவிடும். முடிவோ கண்ணுக்கெட்டாத தூரத்தில். பல கூட்டங்கள் இங்கேதான் கலைகின்றன.

பனியோடு பந்தயம்

"நண்பன்தானே, பத்து நாள் காத்திருந்தால் என்ன?" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல்.

கட்டாடின் மலை பாக்ஸ்டர் என்ற மாநிலப் பூங்காவில் இருக்கிறது. அக்டோபர் 15-ந் தேதிக்கு முன்பே வந்துவிடுங்கள் என்று பூங்காக்காரர்கள் எச்சரிக்கிறார்கள். அதற்குப் பிறகு பனியும் பனிக்கட்டியும். மேலே போக முடியும் என்பது நிச்சயம் இல்லை. பின்தங்கிய கூட்டத்துக்கு ஒவ்வொரு நாளும் விலைமதிப்புள்ள நாள். ஒருவருக்காக நின்றால், நாலு பேரும் மலையின் அடிவாரத்திலிருந்தே திரும்ப நேரலாம். வேலையை விட்டு, சேமிப்பைச் செலவழித்து, பாதத்தில் கொப்புளத்தோடு ஐந்து மாதம் நடந்துவிட்டு!

ஆகையால் பெரும்பாலும் காயம் பட்டவரே முந்திக்கொள்கிறார். "போங்கள், பிடித்துவிடுகிறேன்" என்கிறார். பிடிக்க முடியாது என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். கேட்டுக்கொண்டு போகத்தான் வேண்டும்.

"உன் நடையை நீ நட" என்று இந்தப் பாதையில் ஒரு வழக்கச் சொல் உண்டு. மற்றவனுக்காக உன் பயணத்தை மாற்றாதே என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொல்கிறவன் முழங்கால் நன்றாக இருக்கும் வரை!

மஞ்சள் கோடு

பின்தங்கியவருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. காரில் ஏறி, நூறு மைலைத் தாண்டிப் போய், நண்பர்களோடு சேர்ந்துவிடலாம். அமெரிக்கச் சாலைகளின் நடுவே மஞ்சள் கோடு இருக்கும். அதனால் இதற்கு 'மஞ்சள் கோடு பிடிப்பது' என்று பெயர். ஆனால் இப்படிச் செய்தால் பாதை முழுவதையும் நடந்தவர் என்ற பெருமை போய்விடும். விட்ட தூரத்தைப் பிறகு வந்து நடந்தால்தான் கணக்கு நேராகும்.

நட்பா, நடையா? சிலர் காரில் ஏறுகிறார்கள். சிலர் பிடிவாதமாகத் தனியே நடக்கிறார்கள். ஏறியவரைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. பாவம், அவர் எதைத் தேடி ஏறினார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. கால் குணமானதும் நேரே வடக்கு எல்லைக்குப் போய்விடுவது. பனிக்கு முன்பே கட்டாடினில் ஏறிவிட்டு, அங்கிருந்து தெற்கு நோக்கி, விட்ட இடம் வரை நடந்து வருவது. இதில் ஒரு அதிசயம் நடக்கும். வடக்கே போகும் பழைய நண்பர்கள் எதிரே வருவார்கள்! நடுக்காட்டில் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு ராத்திரி ஒரே கொட்டகையில் பேசிக்கொண்டிருப்பார்கள். விடிந்ததும் அவர்கள் வடக்கே, இவர் தெற்கே.

நோட்டுப் புத்தகம்

கொட்டகைகளில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார்கள். வந்து தங்குகிறவர்கள் பட்டப்பெயரும் தேதியும் எழுதி, இரண்டு வரி சேர்த்துவிட்டுப் போவார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே கரடி வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பின்தங்கியவருக்கு அதுதான் கடிதம். தன் பெயரைத் தேடிப் பக்கங்களைப் புரட்டுகிறார். முதல் கொட்டகையில் தேதி இரண்டு நாள் முந்தியதாக இருக்கிறது. அடுத்ததில் மூன்று நாள். பிறகு ஐந்து நாள். தூரம் கூடிக்கொண்டே போவது தேதியிலேயே தெரிந்துவிடுகிறது.

இப்பொழுது கைப்பேசி வந்துவிட்டது. என்றாலும் மலைக்குள் பல இடங்களில் சிக்னல் கிடையாது. நோட்டுப் புத்தகத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

நண்பனை இழந்த முதல் ஆள்

இந்தப் பாதை முழுவதையும் ஒரே பயணத்தில் நடந்ததாகப் பதிவு பெற்ற முதல் மனிதர் எர்ல் ஷேபர். பென்சில்வேனியாக்காரர். இளவயதில் வால்டர் வைன்மில்லர் என்ற நண்பரோடு மலைகளில் சுற்றியவர். ஒரு நாள் பாதை முழுவதையும் சேர்ந்தே நடப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். இரண்டாவது உலக யுத்தம் வந்தது. இருவரும் பசிபிக் போர்முனைக்குப் போனார்கள். ஐவோ ஜிமா தீவுச் சண்டையில் வைன்மில்லர் இறந்துபோனார்.

ஷேபர் ஊர் திரும்பினார். மனம் ஒரு நிலையில் இல்லை. 1948 ஏப்ரலில் தனியாகவே கிளம்பினார். யுத்தத்தை மனத்திலிருந்து நடந்தே வெளியேற்றப் போவதாகச் சொன்னார். 124 நாளில் நடந்து முடித்தார். முதலில் பலர் நம்பவில்லை. எடுத்த போட்டோக்களையும் எழுதிய குறிப்புகளையும் காட்டிய பிறகே நம்பினார்கள். 1965-ல் எதிர்த்திசையில் நடந்தார். 1998-ல் மூன்றாம் தடவை! அப்பொழுது வயது 79.

எல்லாரும் ஒரே நாளில் பிரிந்தபோது

2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம். வழக்கம்போல் கூட்டம் கூட்டமாக ஜார்ஜியாவிலிருந்து கிளம்பியிருந்தார்கள். கொரோனா நோய் பரவியது. பாதையைப் பராமரிக்கும் சங்கம் எல்லாரையும் இறங்கிவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டது. வழியில் உள்ளவை சிறு ஊர்கள். பெரிய ஆஸ்பத்திரி வசதி இல்லாதவை. நடப்பவர்கள் ஊர் ஊராக நோயைக் கொண்டு போய்விடக் கூடாதே என்ற கவலை. அந்த வருடம் முழுப் பாதையை நடந்தவர்களுக்கு அங்கீகாரம் தருவதையும் சங்கம் நிறுத்தி வைத்தது.

அதுவரை முழங்கால்தான் கூட்டத்தைப் பிரித்தது. இப்பொழுது மனச்சாட்சி பிரித்தது. "இறங்குவதுதான் சரி" என்றார் ஒருவர். "வீட்டையும் காலி செய்துவிட்டேன், எங்கே போவேன்?" என்றார் இன்னொருவர். பெரும்பாலோர் இறங்கினார்கள். சிலர் மேலே நடந்தார்கள். ஒரே அடுப்பில் குளிர் காய்ந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் வருத்தத்தோடு பிரிந்தார்கள்.

உச்சியில் ஒரு பலகை

எல்லாத் தடைகளையும் தாண்டிச் சேர்ந்தே போகிறவர்களுக்கும் ஒரு பிரிவு காத்திருக்கிறது.

மெயின் மாநிலத்தில் கென்னபெக் என்ற ஆற்றைப் படகில் கடக்க வேண்டும். வழியைக் காட்டும் வெள்ளைப் பட்டையைப் படகுக்குள்ளேயே தீட்டி வைத்திருக்கிறார்கள்! அதற்குப் பிறகு சுமார் 150 மைல்தான். அதுவரை வேகமாக நடந்தவர்கள் இங்கே மெதுவாக நடக்கிறார்கள். ஏரிக்கரையில் காரணம் இல்லாமல் உட்காருகிறார்கள். முடிந்துவிடக் கூடாது என்று இருக்கிறது.

பூங்காவில் இவர்களுக்கென்று உள்ள முகாமில் ஒரு ராத்திரிக்கு 12 பேருக்குத்தான் இடம். மறுநாள் காலையில் 5 மைல் செங்குத்தான ஏற்றம். உச்சியில் ஒரு மரப் பலகை. அதைத் தொட்டு அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு இறங்குகிறார்கள். கீழே ஒருவரைக் கூட்டிப்போக அப்பாவும் அம்மாவும் காரோடு நிற்கிறார்கள். ஒருவர் பஸ்ஸுக்குப் போகிறார். அரை நாளில் குடும்பம் கலைந்துவிடுகிறது.

வீடு திரும்பியவர்களுக்குச் சில வாரம் மெத்தையில் தூக்கம் வருவதில்லை. நடந்து நடந்து பாதம் பெரிதாகிப் பழைய செருப்புச் சேருவதில்லை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை. பல பேருக்கு மனச்சோர்வு வருகிறது. வீட்டார், "சௌக்கியமாகத் திரும்பிவிட்டாயே, இன்னும் என்ன?" என்கிறார்கள்.

வர்ஜீனியாவில் டமாஸ்கஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட இல்லை. பாதை அந்த ஊர்த் தெரு வழியாகவே போகிறது. 1987 முதல் அங்கே மே மாதத்தில் நடப்பவர்களுக்காகத் திருவிழா நடக்கிறது. அந்த மூன்று நாளும் ஊர் கொள்ளாத கூட்டம். அந்த வருடம் நடந்துகொண்டிருப்பவர்களும் வருகிறார்கள். பத்து வருடம், இருபது வருடத்துக்கு முன்பு நடந்தவர்களும் வருகிறார்கள். எந்த வருடம் நடந்தார்களோ அந்த வருடத்தை எழுதிய கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். தெருவோரத்தில் குழந்தைகள் தண்ணீர்த் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். நரைத்த தாடியும் தொந்தியுமாக வருகிறவர்களைத் தொப்பமாக நனைத்துவிடுகிறார்கள். கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒரு பட்டப்பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். யாரோ ஒருவர் சட்டென்று திரும்பிப் பார்க்கிறார்.