காற்றில் வரும் பூஞ்சை: இரத்தப் புற்றுநோயாளர் இல்லங்களுக்கு

கிள்ளை, முடசல் ஓடை, பிச்சாவரம் பகுதிகளிலிருந்து இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருவோர், வீடு திரும்பும் நாளில் பெரும்பாலும் கேட்பது உணவுப் பத்தியம் பற்றியே. காற்றைப் பற்றிக் கேட்போர் குறைவு. பூஞ்சைத் தொற்றைப் பொறுத்தவரை, முதலில் கவனிக்க வேண்டியது காற்றைத்தான்.

ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள் இரண்டு, மூன்று மைக்ரான் அளவே உடையவை; நுரையீரலின் கடைக்கோடி வரை செல்லக்கூடியவை. நாம் அனைவரும் நாள்தோறும் அவற்றைச் சுவாசிக்கிறோம். முளைவிடும் பூஞ்சையை நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள் அழித்துவிடுவதால் நமக்குத் தீங்கு நேர்வதில்லை. தீவிர இரத்தப் புற்றுநோய்க்கு முதற்கட்டக் கீமோதெரபி அளித்தபின் அவ்வணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500-க்கும் கீழே இறங்கி, சிலருக்கு வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். இந்நிலை பத்து நாட்களைக் கடந்தால் ஆபத்து வெகுவாக உயரும்.

மக்கிய வைக்கோல், ஈரம் கண்ட கீற்று, எருக்குழி, இடிபடும் சுவர் ஆகியவற்றில் வித்துகள் மிகுதி. சம்பா அறுவடை முடிந்து போர் போடும் நாட்களிலும், கூரை மாற்றும்போதும் நோயாளி உறவினர் வீட்டில் தங்குவது நலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் படரும் பூஞ்சையை வேறொருவர் துடைக்கட்டும். நோயாளி அப்போது அவ்வறையில் இருக்கலாகாது. துணி முகக்கவசம் போதாது. வெளியே செல்ல நேர்ந்தால் என்-95 அணிக.

தடுப்பு மாத்திரைகளில் போசகொனசோலை உணவுடனும், வோரிகொனசோலை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ உட்கொள்ள வேண்டும். "பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்தது எங்களுக்கு ஏன் இல்லை?" என்பது நியாயமான கேள்வியே. வின்கிரிஸ்டின் ஊசி பெறுவோருக்கு இம்மாத்திரைகள் அம்மருந்தை உடலில் தேங்கச் செய்து நரம்புகளைப் பாதிக்கும். ஆகவேதான் தவிர்க்கிறோம்.

2021-இல் பலரும் கேள்வியுற்ற கரும்பூஞ்சையும் இக்காலத்தில் தாக்கக்கூடும். ஸ்டீராய்டு மருந்தால் சர்க்கரை ஏறியவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரு பக்க முகவீக்கம், மூக்கில் கருஞ்சளி, அண்ணத்தில் கருந்திட்டு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அன்றே வரவேண்டும்.

காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால் பாராசிட்டமால் விழுங்கிவிட்டு விடியட்டும் என்று காத்திராதீர்கள். இரவானாலும் சிதம்பரம் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடைசிக் கீமோதெரபியின் தேதியை முதலில் சொல்லுங்கள், சிகிச்சைக் கோப்பையும் உடன் கொண்டு செல்லுங்கள்.